பாலைவனத்துக்கு ஒரு தோட்ட லைட்டு

எனக்குப் பொறாமை கொஞ்சம் ஜாஸ்திதான். மறைச்சு என்ன ஆகப் போவுது? பக்கத்து வூட்டுக்காரி புதுசா ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாக்கூட, அது எப்போ ஓட்டை வுழும்னு பார்த்துக்கினு இருக்கறவ நான். ஆனா காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் ஒரே ஒருத்தி மேல பொறாமைப்பட்டு, அதை ஒரு வேலையாவே செஞ்சது தொண்ணூத்தி ஒண்ணாம் வருஷம் மட்டும்தான்.

அப்போ எனக்கு இருபத்தொன்பது வயசு. ஊரு மண்ணூரு. ஸ்ரீபெரும்புதூர் போற வழியில, வூட்லேர்ந்து நடந்தா அரை மணி தூரத்துல ஒரு கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நெனச்சிடாதீங்க. ஒரு ஷெட்டு, அதை ஒட்டி மொட்டை மாடியோட ஒரு கட்டடம், நாப்பது பேரு. தெருவிளக்குக்குத் தகரத் தொப்பி, டியூப் லைட் பட்டி, சுத்துவட்டாரத்துல புதுசா வர்ற ஃபேக்டரிங்களுக்கு கேட் லைட்டு, இதெல்லாம் செய்வோம். நான் அங்க ஒன்பது வருஷம். எந்த ஸ்க்ரூ எந்த டப்பாவுல கெடக்குதுன்னு கண்ணை மூடிக்கினு சொல்லுவேன். முதலாளி மெட்ராஸ்லேர்ந்து ஸ்கூட்டர்ல வந்து இறங்கினதும், ஹெல்மெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி என்னைத்தான் தேடுவாரு. "என்னம்மா, நேத்து லைன் எப்படி?" அந்த ஒரு கேள்விக்காக நான் பத்து நிமிஷம் முன்னாடியே போய் வாசல்ல நிப்பேன்.

மாசி மாசம் அவ வந்தா. தூத்துக்குடி பக்கம். டிப்ளமா படிச்சவ, இருபத்திமூணு வயசு. அப்பா உப்பளத்துல பம்ப்செட் பார்த்துக்கறவராம். ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு ரூம் எடுத்து இன்னொரு பொண்ணோட தங்கியிருந்தா. என்னை முதல் நாளே அக்கான்னு கூப்பிட்டா. நான் "உம்" கொட்டினேன். அவ சத்தமா பேச மாட்டா, யாரையும் பத்திக் கோள் சொல்ல மாட்டா, கையெழுத்து அச்சு அடிச்ச மாதிரி இருக்கும். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். முதலாளி ஏதாச்சும் கேட்டு பதில் தெரியலைன்னா, "தெரியாது சார், பாத்துட்டுச் சொல்லுதேன்"னு சொல்லிடுவா. அதுக்கு அவர் சந்தோஷப்படுவாரு! ஒன்பது வருஷமா எல்லாம் தெரியும் தெரியும்னு சொல்லியே காலத்தை ஓட்டினவ நான். தெரியாதுன்னு சொன்னா மதிப்பு கூடும்னு யாரு கண்டா?

ரெண்டு மாசத்துல முதலாளி ஸ்கூட்டர நிறுத்திட்டு நேரா அவ டேபிளுக்குப் போக ஆரம்பிச்சாரு. நான் வாசல்ல நின்னுக்கினே இருப்பேன்.

அந்த நேரத்துலதான் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பாலைவன நாடு ஒண்ணுல, பெரிய ஹோட்டல் தோட்டத்துக்கு இருநூறு லைட்டு. நடைபாதை ஓரமா, முழங்கால் உசரத்துக்கு நிக்கிற லைட்டு. முதலாளி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு லெட்டர படிச்சுக் காட்டினாரு. அங்க வெயில் அம்பது டிகிரி. மணல் காத்து அடிக்கும். புல்லுக்குப் பீச்சற தண்ணி உப்புத் தண்ணி. லைட்டு பத்து வருஷம் தாங்கணும். எந்த உலோகம், எந்த மூடி, எந்த ரப்பர்னு நாமளே முடிவு பண்ணி அனுப்பணும். எங்களுக்கு ஒண்ணும் புரியல. நாங்க எல்லாரும் மழைக்கு லைட்டு செஞ்சு பழகினவங்க.

முதலாளி ஒரு வழி சொன்னாரு. ஆளுக்கு ஒரு மாடல் செய்யணும். கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் ரெண்டையும் மொட்டை மாடியில நட்டு வெக்கணும், இருபத்தஞ்சு நாள். எந்த லைட்டு தாங்குதோ அதுதான் கப்பல் ஏறும். அதைச் செஞ்சவங்கதான் ஏற்றுமதி செக்ஷனுக்கு சூப்பர்வைசர். ஷெட்டு மூலையில கண்ணாடி போட்ட கேபின் ஒண்ணு காலியா இருந்தது. அதுக்குள்ள ஒரு சுத்தற நாற்காலி. நான் தனியா இருக்கற நேரத்துல ஒரு தடவை அதுல உட்கார்ந்து பார்த்திருக்கேன். அந்த நாற்காலி எனக்கு வேணும். அவளுக்குப் போவக் கூடாது. ரெண்டுல எது பெரிய ஆசைன்னு கேட்டா, ரெண்டாவதுதான்.

என் லைட்டு அழகா இருந்தது. இரும்புத் தகட்டுல பாடி, அதுக்குக் கரும்பச்சை பெயின்ட், அடுப்புல வெச்சு சுட்டு ஏத்தினது. கல்லு அடிச்சாலும் உடையாத பிளாஸ்டிக் மூடி. தண்ணி போகாம கருப்பு ரப்பர் வளையம். லைன்ல எல்லாரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அவளோடது பித்தளை. பெயின்ட் கிடையாது. கனமான கண்ணாடி மூடி, வெள்ளையா ஒரு சிலிக்கான் வளையம். பார்க்க கிணத்து வாளி மாதிரி இருந்தது. ஏன் பெயின்ட் அடிக்கலைன்னு முதலாளி கேட்டதுக்கு, உப்பளத்துல பெயின்ட் அடிச்ச சாமான் எல்லாம் ஒரு வருஷத்துல உரிஞ்சிடும், பித்தளை வால்வு மட்டும் கருத்துப் போயி அப்படியே கெடக்கும்னு சொன்னா. வெயில்ல பிளாஸ்டிக் மஞ்சளா மாறும், கருப்பு ரப்பர் வெடிச்சுப் போகும்னும் சொன்னா. சொல்லும்போது என் லைட்டைப் பார்க்கல, தரையைப் பார்த்துச் சொன்னா. அதுகூட எனக்கு ஆத்திரமா வந்தது. நேரா பார்த்துச் சொன்னாத்தான் என்னவாம்?

லைட்டு ரெண்டையும் மாடியில ஆறடி தள்ளித் தள்ளி பைப்புல நட்டோம். காலையில வாளித் தண்ணியில கல்லுப்பு கரைச்சு ரெண்டு மேலயும் தெளிப்போம். அப்புறம் டேபிள் ஃபேனை ஓடவிட்டு, சலிச்ச மணலை முறத்துல எடுத்து அது முன்னாடி தூவுவோம். அதுதான் எங்க மணல் புயல். பகல்ல மூணு மணி நேரம் பல்பு எரியும். மத்தியானம் உச்சி வெயில்ல ஏறிப் போயி, அடுத்தவங்க லைட்டுல மூடி, ரப்பர், பெயின்ட் மூணும் எப்படி இருக்குதுன்னு பார்த்து நோட்டுல எழுதணும். நோட்டுல என் லைட்டுக்குன்னு இருக்கற பக்கத்துல அவ கையெழுத்து, அவ லைட்டோட பக்கத்துல என் கையெழுத்து. முதலாளி அதுல கறாரா இருந்தாரு.

அந்த மாடிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கத்திரி வந்தா லைன்ல இருக்கற பொம்பளைங்க எல்லாம் அங்கதான் வத்தல் வடகம் காயப் போடுவோம். சிமென்ட் தரை, நல்ல சூடு, தூசி கம்மி. ஆளுக்கு இவ்ளோ இடம்னு செங்கல் வெச்சு பிரிச்சுக்குவோம். வருஷா வருஷம் நடக்கறதுதான். என் இடம் தண்ணித் தொட்டி பக்கத்துல. என் லைட்டும் அங்கதான் நின்னுது.

நாலாவது நாள் நான் கூழ் வடகம் ஊத்தினேன். காக்கா தொல்லை தாங்கல. மத்தியானம் அவ நோட்டு எழுதிட்டு இறங்கினதும், ஒரு பழைய சேலையை எடுத்து, ஒரு முனையைத் தொட்டிக் குழாய்லயும் இன்னொரு முனையை லைட்டு நட்ட பைப்புலயும் இழுத்துக் கட்டினேன். அப்போ என் மனசுல காக்காவைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அம்மா மேல சத்தியமா இல்ல. சாயங்காலம் வடகத்தைச் சுருட்டி, சேலையை அவுத்துட்டு, ரெண்டு லைட்டையும் தொட்டுப் பார்த்தேன். அவளோடது சுட்டுது, கை வெக்க முடியல. என்னோடது வெதுவெதுன்னு இருந்தது. பார்த்தியா, டிப்ளமா படிச்சா போதுமா, கை ராசி வேணும்னு நெனச்சுக்கினு சிரிச்சுக்கினே வூட்டுக்குப் போனேன்.

விஷயம் மறுநாள் காலையில சேலையைக் கட்டும்போதுதான் உறைச்சது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அந்த சேலை நெழலு வடகத்துமேல மட்டும் வுழல, என் லைட்டு மேலயும் வுழுந்துக்கினு இருந்தது. கையில முடிச்சோட ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் இன்னும் இறுக்கமா கட்டினேன்.

அன்னிக்கு மத்தியானம் அவ நோட்டை எடுத்துக்கினு மாடிப்படி ஏறப் போனா. நான் வழியில மறிச்சு, உச்சி வெயில்ல நீ ஏன் ஏறணும், நான் எப்படியும் வடகத்தைத் திருப்பிப் போடப் போறேன், ரெண்டையும் பார்த்து எழுதிடறேன், நீ போயி சாப்பிடுன்னு சொன்னேன். அவ முகம் மலர்ந்து போச்சு. நான் முதல் தடவையா அவகிட்ட அன்பா பேசினது அன்னிக்குத்தான். எழுதிக் கொண்டாந்து கொடுத்தேன். மூடி சரி, ரப்பர் சரி, பெயின்ட் சரி. அவ பார்க்காமலே கையெழுத்து போட்டா. அதுக்கப்புறம் தினமும் அப்படியே.

வடகம் ரெண்டு மூணு நாள்ல காஞ்சிடும். காஞ்சா சேலையை எடுக்கணும். அதனால நான் மறுபடியும் போட்டேன். கூழ் வடகம் முடிஞ்சதும் ஜவ்வரிசி, அது முடிஞ்சதும் வெங்காயம், அப்புறம் மோர் மொளகா, கொத்தவரங்கா. வூட்டுக்காரர் ரெண்டு தகர டின்னு வாங்கியாந்தாரு, அதுவும் நெறஞ்சு போச்சு. "இன்னாடி, கடை வெக்கப் போறியா?"ன்னு கேட்டாரு. வெயில வீணாக்கக் கூடாதுன்னு சொன்னேன். லைன்ல எல்லாருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவளுக்கும் கொடுத்தேன். மறுநாள் ரொம்ப ருசியா இருந்ததுன்னு சொன்னா. நான் மட்டும் அதுல ஒண்ணைக்கூடப் பொரிச்சுத் தின்னல.

மே மாசம் மூணாவது வாரம் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது என்னன்னு நாட்டுக்கே தெரியும். அதைப் பத்தி எழுதற தகுதி எனக்கு இல்ல. பஸ்ஸு நின்னு போச்சு, கடை எல்லாம் சாத்திட்டாங்க, கம்பெனியும் ஒரு வாரம் மூடிடுச்சு. ரோடு பூரா போலீஸு. மாடிச் சாவி என்கிட்ட இருந்தது, நடந்து போற தூரத்துல நான் ஒருத்திதான். காய்ஞ்சிக்கினு இருக்கற லைட்டை யாராச்சும் பார்த்துக்கணும்னு போனேன். ஊரே வாயடைச்சுப் போயி, வெளியில தலை காட்ட பயந்து கெடந்த நேரத்துல, நான் ஒரு பையில மாவுக் கூழைத் தூக்கிக்கினு, மறிச்ச போலீஸ்காரருக்குத் திறந்து காட்டிட்டு, வடகம் போடப் போனேன். இதை எழுதறப்ப எனக்கே அசிங்கமா இருக்குது.

மாடியில ஈ காக்கா இல்ல. அன்னிக்கு நெசமாவே ஒரு காக்காவும் வரல. சேலை கட்ட ஒரு காரணமும் இல்லாத நாள். ரெண்டு லைட்டும் பக்கத்துல பக்கத்துல நின்னுது. இன்னிக்கு ஒரு நாள் வெயில்ல விட்டுப் பார்ப்போமா, நம்ம லைட்டு நெசமாவே தாங்கினாலும் தாங்குமேன்னு ஒரு நெனப்பு வந்தது. தாங்கலைன்னா? அவ அந்த நாற்காலியில உட்கார்ந்து சுத்தறது கண்ணுல தெரிஞ்சது. கட்டிட்டுத்தான் கீழ இறங்கினேன்.

கத்திரி முடிஞ்சதும் முதலாளி ரெண்டு லைட்டையும் டேபிள் மேல வெக்கச் சொன்னாரு. அவளோட பித்தளை கருத்துப் போயி திட்டுத் திட்டா இருந்தது, கண்ணாடியில உப்புக் கறை. என்னோடது கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கிக்கினு இருந்தது. அவ குனிஞ்சு என் லைட்டோட ரப்பரை விரலால அழுத்திப் பார்த்தா. அமுங்கிச்சு. மறுபடியும் அழுத்தினா. அவளுக்கு நம்ப முடியல.

"அக்கா, ரெண்டும் ஒரே வெயில்லதான நின்னுச்சு?"

"பக்கத்துல பக்கத்துலதானே நின்னுது"ன்னு சொன்னேன். அதுல பொய் இல்ல பாருங்க. அந்த வார்த்தையை ரெண்டு நாள் முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தேன்.

முதலாளி என் லைட்டைத் தேர்ந்தெடுத்தாரு. கேபினைக் கழுவி, ஊதுபத்தி ஏத்தி, என்னை உட்கார வெச்சாங்க. அவ எனக்குக் கீழ. இருநூறு லைட்டும் ஆடி மாசம் முடியறதுக்குள்ள பொட்டி கட்டிப் போச்சு. ஒவ்வொரு பொட்டியிலயும் வைக்கோலு வெச்சு, ஒரு கீறல் இல்லாம அவதான் கட்டினா. நான் கண்ணாடி வழியா பார்த்துக்கினு இருந்தேன். சந்தோஷமா இருந்தேனான்னு கேட்டா, இல்ல. முதலாளி வந்தா கேபின் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, அவகிட்டப் போயி அரை மணி பேசுவாரு. நாற்காலி வந்தும் அந்த அரை மணி எனக்கு வரல.

தீபாவளி கழிஞ்சு லெட்டர் வந்தது, கூடவே நாலு போட்டோ. மூடி எல்லாம் ஆறிப் போன டீ கலர்ல மஞ்சளிச்சு இருந்தது. ரப்பர் வெடிச்சு, உள்ள பல்பு பாதி மூழ்கற அளவுக்கு மணலு. கரும்பச்சை பெயின்ட் செதில் செதிலா தொங்கிக்கினு இருந்தது. இருநூறையும் மாத்திக் கொடுக்கணும், இல்லைன்னா இனிமே எங்ககிட்ட எதுவும் வாங்க மாட்டோம்னு எழுதியிருந்தாங்க.

முதலாளி எங்க ரெண்டு பேரையும் கேபினுக்குள்ள கூப்பிட்டாரு. நோட்டைத் திறந்து என் லைட்டோட பக்கத்தைத் திருப்பினாரு. மூடி சரி, ரப்பர் சரி, பெயின்ட் சரி. வரிசையா அவ கையெழுத்து. அவர் கோவத்துல கத்தறவர் இல்ல, அன்னிக்கும் கத்தல. மத்தியானம் நீ மேல போயி பார்த்தியா இல்லியான்னு மட்டும் கேட்டாரு.

அவ என்னைத் திரும்பிப் பார்ப்பான்னு எதிர்பார்த்தேன். அக்காதான் போக வேணாம்னு சொன்னாங்கன்னு சொல்லுவா, நான் அப்படியெல்லாம் சொல்லலைன்னு அடிச்சுப் பேசணும்னு வாயைத் தயாரா வெச்சிருந்தேன். அவ பார்க்கவே இல்ல.

"பாக்கல சார். பாக்காமத்தான் கையெழுத்து போட்டேன். என் தப்புதான்."

அப்போ நாளையிலேர்ந்து வர வேணாம்மான்னு சொன்னாரு. சரி சார்னு சொல்லிட்டு, நோட்டை மூடி நேரா வெச்சுட்டு, கதவைப் பார்க்கத் திரும்பினா.

முடிஞ்சது. எட்டு மாசமா நான் கேட்டது தானா வந்து மடியில வுழுந்துடுச்சு. வாயை மூடிக்கினு இருந்தா போதும். ஆனா முதலாளி அவளைப் பார்த்த பார்வை இருக்குதே! வேலையைவிட்டு அனுப்பறாரு, அப்பவும் அந்த முகத்துல ஒரு மரியாதை. பாரு, எப்படி ஒத்துக்கிறான்னு. என் தப்பு அது. நான் பொறந்ததுலேர்ந்து செஞ்ச தப்புலயே பெருசு. அதையும் தூக்கிக்கினு போயி அவ நல்ல பேரு வாங்கறா.

"அது ஒண்ணும் அவ தப்பு இல்ல. இருபத்தோரு நாளு நான்தான் சேலை கட்டி என் லைட்டுக்கு நெழலு கொடுத்தேன்."

சொன்னதுக்கு அப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு. பின்னாடி கம்பெனியில எல்லாரும் இதைப் பெருசா பேசினாங்க. மனசாட்சி உள்ளவ, நாற்காலி போனாலும் பரவால்லன்னு உண்மையைச் சொன்னான்னு முதலாளியே நாலு பேர் முன்னாடி சொன்னாரு. மனசாட்சியும் இல்ல, மண்ணும் இல்ல. பொறாமையிலதான் கட்டினேன், பொறாமையிலதான் சொன்னேன்.

முதலாளி அவளை இருக்கச் சொல்லிட்டு, என்னை லைனுக்குப் போகச் சொன்னாரு. இருநூறு பித்தளை லைட்டுக்கு மறுநாளே வார்ப்படத்துக்கு ஆள் அனுப்பணும்னு அவகிட்டப் பேச ஆரம்பிச்சாரு. நான் வெளியில வந்து லேத்து பக்கத்துல நின்னேன். கொஞ்ச நேரத்துல அவ வந்தா. நன்றி சொல்லப் போறா, கையைப் பிடிச்சுக்கினு அழப் போறான்னு நெனச்சேன். நான் பெரிய மனுஷி மாதிரி முகத்தை வெச்சுக்கினு நின்னேன்.

கண்ணு செவந்திருந்தது. ஆனா அது அழுகை இல்ல, கோவம்.

"நான் ஒங்களுக்காக ஒண்ணும் சொல்லலக்கா. பாக்காம கையெழுத்து போட்டது நான். நீங்க ஒரு நாளு பிரியமா பேசிட்டீங்க, அந்தப் பேச்சு போயிரக் கூடாதுன்னு போட்டேன். எட்டு மாசமா ஒருத்தரும் எங்கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்காங்க. நீங்க ஒண்ணு சொன்னா லைன் பூரா சிரிக்காங்க. ஒங்களப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?"

சொல்லிட்டுப் போயிட்டா. நான் அங்கயே நின்னேன். என்னைப் பார்த்தா? பத்தாவது படிச்ச, மண்ணூரு பொம்பளையைப் பார்த்தா? முதல்ல எனக்கு வந்தது வெக்கம் இல்ல, சந்தோஷம். அதுவும் ஒரு நிமிஷம்தான். எட்டு மாசமா மத்தியானத்துல அவ எங்க உட்கார்ந்து சாப்பிட்டான்னு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரியல. அவ எப்படி நடக்கறா, எப்படி எழுதறா, முதலாளிகிட்ட எவ்ளோ நேரம் பேசறான்னு எல்லாத்தையும் கணக்கா பார்த்தவளுக்கு, அது மட்டும் தெரியல.

மறுநாள் சாப்பாட்டு மணி அடிச்சதும் நான் தூக்குச் சட்டியை எடுத்துக்கினு அவகிட்டப் போயி உட்கார்ந்தேன்னு எழுத ஆசையாத்தான் இருக்குது. ஆனா நான் அவ்ளோ நல்லவ இல்ல. மூணு நாள் ஆச்சு.